சித்திரவதைக்குக் கிடைத்த பதவி உயர்வு: சிகாகோவின் ஜான் பர்ஜ்

1972இல் பம்பாயின் தலித் இளைஞர்கள், அமெரிக்கக் கறுப்பின மக்களின் பிளாக் பேந்தர்ஸ் இயக்கத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு தலித் பேந்தர்ஸைத் தொடங்கினார்கள். அதே ஆண்டுதான் சிகாகோ காவல்துறையில் ஜான் பர்ஜ் என்ற வெள்ளையர் துப்பறியும் அதிகாரியானார். முதல் செய்தியைப் பெருமையோடு பேசும் நாம், இரண்டாவதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்த இருபது ஆண்டுகளில் பர்ஜும் அவருடைய ஆட்களும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சித்திரவதை செய்தார்கள். அநேகமாக எல்லோருமே கறுப்பின ஆண்கள். மின்சாரம் பாய்ச்சினார்கள். முகத்தை பிளாஸ்டிக் உறையால் மூடி மூச்சைத் திணறடித்தார்கள். வாயில் துப்பாக்கியைத் திணித்தார்கள். கடைசியில் கையில் கிடைத்தது ஒப்புதல் வாக்குமூலம். அதை வைத்து மரண தண்டனைகூட வாங்கிக் கொடுத்தார்கள்.

யாருக்கும் தெரியாமல் நடந்ததா? இல்லை. 1982இல் இரண்டு காவலர்களைக் கொன்ற வழக்கில் ஆண்ட்ரூ வில்சன் கைதானார். அவர் உடம்பிலிருந்த தீக்காயங்களைப் பார்த்த சிறை மருத்துவர் ஜான் ராபா, விசாரணை வேண்டும் என்று காவல்துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். அது அரசு வழக்கறிஞர் ரிச்சர்ட் டேலியின் மேசைக்கும் போனது. பர்ஜ் மீது வழக்கு வரவில்லை. பதவி உயர்வுதான் வந்தது. டேலி 1989இல் நகர மேயரானார்.

இதை ஒரு கொடூரனின் கதை என்று சொல்லி முடித்துவிட முடியாது. அடித்தது காவலர்கள். அடிவாங்கியவரிடம் வாக்குமூலத்தை எழுதி வாங்கியது அரசு வழக்கறிஞர்கள். 'அடித்தார்கள், ஐயா' என்ற குரலை நம்ப மறுத்தது நீதிபதிகள். அவர்களில் பலர் முன்னாள் அரசு வழக்கறிஞர்கள்.

பாதிக்கப்பட்டவர்களின் தாய்மார்களும் வழக்கறிஞர்களும் விடாமல் போராடினார்கள். 1993இல் பர்ஜ் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2003இல் ஆளுநர் ஜார்ஜ் ரயன், மரண தண்டனைக் கைதிகளாக இருந்த நான்கு பேரை நிரபராதிகள் என்று விடுவித்தார். 2006இல் வந்த சிறப்பு விசாரணை அறிக்கை சித்திரவதை நடந்ததை ஒப்புக்கொண்டது. ஆனால் வழக்குத் தொடுக்கும் காலக்கெடு முடிந்துவிட்டது என்றது. 2010இல் பர்ஜ் குற்றவாளி என்று தீர்ப்பானது. எதற்காக? சித்திரவதை பற்றி நீதிமன்றத்தில் பொய் சொன்னதற்காக. தண்டனை நாலரை ஆண்டு. ஓய்வூதியம் மட்டும் பறிபோகவில்லை.

2015இல் சிகாகோ நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது. 55 லட்சம் டாலர் இழப்பீட்டு நிதி ஒதுக்கியது. அரசுப் பள்ளிகளில் 8, 10ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த வரலாற்றைப் பாடமாக்கியது. காலம் கடந்து வந்த, முழுமையில்லாத நீதிதான். ஆனாலும், காவல் நிலையத்தில் நடந்ததைப் பாடப்புத்தகத்தில் எழுத வைத்திருக்கிறார்கள் அந்த மக்கள்.

லாக்கப்பில் எழுதப்படும் வாக்குமூலங்களை நாம் நன்றாக அறிவோம். அடித்தவரின் பெயரோடு, கண்டும் காணாமல் இருந்தவர்களின் பெயர்களையும் கேட்கப் பழகுவோம்.