நாசிக்கின் ஆப்பிரிக்கப் பிள்ளைகள்

1874 ஏப்ரல் 18 அன்று டேவிட் லிவிங்ஸ்டனின் உடல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பேழையின் உடன் நடந்தவர்களுள் ஓர் ஆப்பிரிக்க இளைஞரும் இருந்தார். அவர் பெயர் ஜேக்கப் வெயின்ரைட். நடு ஆப்பிரிக்காவில் இறந்த லிவிங்ஸ்டனின் உடலைப் பதப்படுத்தி, மாதக்கணக்கில் சுமந்து, இந்துமாக்கடற் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்த குழுவில் ஒருவர். எழுதப் படிக்கத் தெரிந்தவராதலின், இறந்த இடத்திலிருந்த மரத்தில் எழுத்துகளைப் பொறித்தவரும் அவரே. அந்த எழுத்தை அவர் கற்றது இந்தியாவில், நாசிக் நகரை அடுத்த சரண்பூரில் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்கமாட்டோம். 'வெயின்ரைட்' என்பது அவருடைய தாய் தந்தையர் இட்ட பெயரன்று என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஆப்பிரிக்கச் சிறுவர்கள் நாசிக்கிற்கு வந்த வழி கொடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியாசா ஏரியைச் சூழ்ந்த உள்நாடுகளிலிருந்து பிடிக்கப்பட்டோர் கில்வா, சான்சிபார் போன்ற துறைகளுக்கு நடத்திச் செல்லப்பட்டு, அராபியப் பாய்மரக் கலங்களில் ஏற்றப்பட்டனர். சிறுவர்கள் ஒரே விற்பனையில் வந்தவர்களல்லர். ஓர் ஊரில் ஒருவனுக்கும் அடுத்த ஊரில் இன்னொருவனுக்குமாகக் கைமாறி வந்தவர்கள். தாய் ஒரு சந்தையிலும் மகன் வேறொரு சந்தையிலுமாகப் பிரிவது அந்த வணிகத்தின் இயல்பு. பிரித்தானியக் கடற்படைக் கப்பல்கள் இக்கலங்களை மறித்து மீட்டபோது, மீட்டவர்களை எங்கே இறக்குவது என்ற கேள்வி எழுந்தது. கிழக்காப்பிரிக்கக் கரையில் அன்று பிரித்தானியருக்கு ஆட்சிப்பகுதி இல்லை. ஆகவே ஏடனும் பம்பாயும் இறங்குதுறைகளாயின. கடலில் விடுதலை பெற்ற குழந்தை, தன் ஊரிலிருந்து இன்னும் ஆயிரக்கணக்கான கல் தொலைவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மீட்பே பிரிவின் மற்றொரு கட்டமாயிற்று.

பம்பாயில் இறங்கிய சிறார்களில் ஒரு பகுதியினர் சர்ச் மிஷனரி சங்கத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டனர். சங்கத்தார் சரண்பூரில் அமைத்த கிறித்தவக் குடியிருப்பில் ஆப்பிரிக்கருக்கெனப் புகலிடம் ஒன்று நடந்துவந்தது. வில்லியம் சால்டர் பிரைசும், முன்னர் எத்தியோப்பியாவில் பணியாற்றிய ஜெர்மானியரான ஐசன்பெர்க்கும் அதனோடு தொடர்புடையவர்கள். அங்கே தச்சும் கொல்லும் கற்பிக்கப்பட்டன, ஆங்கிலமும் பைபிளும் கற்பிக்கப்பட்டன. பிள்ளைகளுக்குப் புதிய பெயர்களும் வந்தன. 1866இல் லிவிங்ஸ்டன் தம் கடைசிப் பயணத்துக்காக நாசிக்கிலிருந்து ஒன்பது இளைஞர்களை அழைத்துச் சென்றார். அவர்களில் ஒருவன் சைமன் பிரைஸ், இன்னொருவன் ரிச்சர்ட் ஐசன்பெர்க். ஆசிரியர்களின் குலப்பெயரே மாணவர்களின் குலப்பெயராகிவிட்டது! ரிச்சர்ட் அந்தப் பயணத்தின் தொடக்கத்திலேயே நோயுற்று இறந்துபோனான்.

இந்தப் பயணத்தில் நிகழ்ந்த இரு சந்திப்புகள் லிவிங்ஸ்டனின் நாட்குறிப்பில் பதிவாகியுள்ளன. நம் கட்டுரையின் மையம் அவைதாம்.

முதலாவது, ஆபிரகாம் என்னும் நாசிக் இளைஞனுடையது. யாவ் மக்களின் நாட்டைக் கடக்கையில் கூட்டத்தில் நின்ற ஒருவர் அவனுடைய மாமன் எனத் தெரியவந்தது. அவன் அடிமையாகப் போனபின், அவன் தாயும் உடன்பிறந்த பெண்கள் இருவரும் அராபியருக்கு விற்கப்பட்டுவிட்டனர் என்ற செய்தியை மாமன் சொன்னார். இங்கேயே இருந்துவிடு என்று வற்புறுத்தினார். லிவிங்ஸ்டனும் இருக்கச் சொன்னார். ஆபிரகாம் இணங்கவில்லை. தாயும் உடன்பிறந்தாளும் இல்லாத இடத்தில் ஒருவன் எப்படி இருப்பது என்பதே அவன் மறுமொழி. யாவ் மக்கள் தாய்வழிச் சமூகத்தவர், அவர்களுக்குக் குடும்பம் என்பது தாயைச் சூழ்ந்த வட்டம். மண் கிடைத்தது, மாமன் கிடைத்தார், வீடு கிடைக்கவில்லை.

இரண்டாவது, விகதானியுடையது. இவனும் சூமாவும் நாசிக் பிள்ளைகளல்லர். 1861இல் ஷைர் மலைநாட்டில் அடிமைக் கூட்டமொன்றிலிருந்து விடுவிக்கப்பட்டவர்கள். 1864இல் லிவிங்ஸ்டன் தம் சிறு கப்பலில் இந்துமாக்கடலைக் கடந்து பம்பாய்க்கு வந்தபோது இருவரையும் உடன் கொண்டுவந்து, ஜான் வில்சனின் பள்ளியில் விட்டுச்சென்றார். 1866 செப்டம்பரில் நியாசா ஏரியின் தென்பகுதியில் விகதானி தன் அண்ணன் தம்பியருள் ஒருவனைக் கண்டான். வேறு உடன்பிறப்புகளும் அருகில் வாழ்வதை அறிந்தான். அங்கேயே தங்கிவிட விரும்பினான். உறவினர் தன்னை மறுபடியும் விற்றுவிட மாட்டார்கள் என்று நம்புவதாக அவன் கூறியிருக்கிறான். 'மறுபடியும்' என்ற அந்த ஒரு சொல்லில் அவனுடைய கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒருவன் உறவு இருந்தும் தங்க மறுத்தான். மற்றவன் விற்ற உறவையே நம்பித் தங்கினான். ஊருக்கு அனுப்புவதே நலம் என்றோ, புகலிடமே நலம் என்றோ வெளியிலிருந்து எவரும் விதித்துவிட முடியாது என்பதை இவ்விருவரும் காட்டுகின்றனர். கேட்டால்தான் தெரியும். பம்பாய்க் கரையில் இறங்கிய குழந்தைகளில் எத்தனை பேரிடம் அந்தக் கேள்வி கேட்கப்பட்டது?

கேட்டபோது என்ன விளைந்தது என்பதற்கும் சான்று உண்டு. 1888இல் செங்கடற் பகுதியில் 'ஆஸ்ப்ரே' என்ற போர்க்கப்பல் ஒரோமோ இனத்துக் குழந்தைகள் பலரை மீட்டு ஏடனில் சேர்த்தது. அவர்களில் 64 பேர் 1890இல் தென்னாப்பிரிக்காவின் லவ்டேல் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். ஒவ்வொரு குழந்தையிடமும் பெற்றோர் பெயர், ஊர், பிடிபட்ட விதம், கைமாறிய வழி எல்லாம் கேட்டு எழுதப்பட்டன. பின்னாளில், ஊர் திரும்ப விருப்பமா என்றும் கேட்கப்பட்டது. 1909இல் பதினேழு பேர் எத்தியோப்பியா திரும்பினர். திரும்பாதவர்களுள் பிஷோ ஜர்சா என்ற பெண்மணியும் ஒருவர். ராபென் தீவில் சிறையிருந்த கல்வியாளர் நெவில் அலெக்சாந்தர் அவருடைய பேரன்.

இதே கடலில் நம்மவரும் போனார்கள். 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து 'துரூரோ' கப்பல் 342 பேருடன் டர்பனை அடைந்தது. அந்த ஒப்பந்தக் கூலிகளின் பட்டியல்களில் தந்தை பெயர், வயது, ஊர், வட்டம், மாவட்டம், உடலிலுள்ள அடையாளம் வரை எழுதப்பட்டன. இவை அன்பினால் எழுதப்பட்டவையல்ல, ஆளைத் தவறவிடாதிருக்க எழுதப்பட்டவை. ஆயினும் நேட்டால் தமிழரின் பேரப்பிள்ளைகள் வட ஆற்காட்டிலும் செங்கல்பட்டிலும் தம் மூதாதையர் ஊரைத் தேடி வர அப்பட்டியல்களே துணையாகின்றன. நாம் வாழும் நூம்பலும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததே. சரண்பூர்ப் பிள்ளைகளின் வழித்தோன்றல்களுக்கு அத்தகைய கயிறு இல்லை. 'வெயின்ரைட்' என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு எந்த ஊருக்குப் போவது?

1875இல் மொம்பாசாவுக்கு எதிரே 'ஃபிரியர் டவுன்' என்ற குடியிருப்பு எழுந்தது. அதை நிறுவச் சென்றவர் நாசிக்கில் பணியாற்றிய அதே பிரைஸ். நாசிக்கில் வளர்ந்தோர் பலர் அங்கே ஆசிரியராகவும் உபதேசியாராகவும் தொண்டாற்றினர். வில்லியம் ஜோன்ஸ், இஷ்மாயில் செம்லர் ஆகிய இருவர் 1885இல் குருப்பட்டம் பெற்றனர். ஆப்பிரிக்காவுக்குத் திரும்பியும் அவர்களுக்கு வழங்கிய பெயர் 'பம்பாய் ஆப்பிரிக்கர்'. அவர்கள் திரும்பியது கண்டத்துக்கு, ஊருக்கன்று.

இன்று சகாராவையும் மத்தியதரைக் கடலையும் கடந்துவரும் ஆப்பிரிக்கச் சிறுவர்கள் லிபியாவிலோ நடுக்கடலிலோ உற்றாரைப் பிரிந்து தனியே கரையேறுகின்றனர். துணையின்றி வரும் சிறாரை எல்லையில் திருப்பியனுப்பக் கூடாதென இத்தாலி 2017இல் சட்டம் செய்தது. வழியில் உறவைத் தொலைத்தோரின் ஒளிப்படத்தை, யாரைத் தேடுகிறார் என்ற குறிப்புடன் வெளியிடும் முயற்சியைச் செஞ்சிலுவை அமைப்பினர் 2013இல் ஐரோப்பாவில் தொடங்கினர். பெயரும் மொழியும் மாறினாலும் தாய்க்கு மகன் முகம் தெரியும் என்ற நம்பிக்கைதான் அதன் அடிப்படை.

கரையேறிய குழந்தைக்கு உணவும் உடையும் முதலில் வேண்டும், அதில் ஐயமில்லை. அடுத்து வேண்டுவது, அதன் பெயரை அது சொன்னபடியே எழுதிக்கொள்ள ஒரு கை. உன் அம்மா எங்கே என்று அதன் மொழியில் கேட்க ஒரு குரல். சரண்பூர்ப் பள்ளியில் எல்லாம் கற்பித்தார்கள். ஆபிரகாமின் தாயைப் பற்றிய செய்தியோ, பல ஆண்டுகள் கழித்து வழியில் நின்ற ஒரு மாமனிடமிருந்துதான் அவனுக்குக் கிடைத்தது.