தொடர்பறுந்த தீவில் பிட்காயின்: வல்லார்பாடத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

நீண்ட மின்தடையையும் இணையத் துண்டிப்பையும் கிரிப்டோ நாணயம் தாங்குமா என்று கேட்கும்போது இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். பரிவர்த்தனைகள் பதிவாகும் பேரேடு பிழைக்குமா என்பது ஒன்று. துண்டிக்கப்பட்ட ஊரில் இருப்பவர் அந்த நாணயத்தைக் கொடுத்து அரிசி வாங்க முடியுமா என்பது மற்றொன்று.

முதல் கேள்விக்கு 2021-லேயே விடை கிடைத்துவிட்டது. சீனா பிட்காயின் அகழ்வைத் தடைசெய்தபோது, வலைப்பின்னலின் கணிப்புத் திறனில் ஏறத்தாழப் பாதி சில வாரங்களில் காணாமற்போயிற்று. பரிவர்த்தனைகளைப் பேரேட்டில் சேர்க்கும் தொகுதிகள் தாமதமாக வந்தன. 2,016 தொகுதிகளுக்கு ஒருமுறை திருத்தப்படும் அகழ்வின் கடின அளவு, அந்த ஜூலையில் சுமார் 28 விழுக்காடு இறங்கியது. பேரேடு மட்டும் நிற்கவே இல்லை.

இரண்டாவது கேள்விதான் சிக்கலானது. 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்தில் கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையம் 15-ஆம் தேதி மூடப்பட்டு 29-ஆம் தேதிதான் திறந்தது. அதைவிடக் கடுமையான ஒரு துண்டிப்பு கொச்சியை ஒட்டிய வல்லார்பாடத்துக்கு நேர்வதாக வைத்துக்கொள்வோம். 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் வரும்வரை படகை நம்பியிருந்த தீவு அது. 2011 முதல் சரக்குப் பெட்டக முனையம் இயங்கும் தீவும் அதுதான். இணையம் இல்லை, ஜெனரேட்டர் மட்டும் ஓடுகிறது. (டீசல் விற்பவர் ரொக்கம்தான் கேட்பார் என்பது வேறு.)

பணப்பையிலிருந்து ஒரு பரிவர்த்தனையில் கையொப்பமிட இணையம் தேவையில்லை. ஆனால் அதே நாணயம் வேறெங்கும் செலவாகிவிடவில்லை என்பதைக் கடைக்காரர் எப்படி அறிவார்? தீவிலுள்ள கணினிகளே தொகுதி அகழலாம் என்றால், உலகளாவிய கடின அளவில் ஒரு தொகுதிகூடக் கிடைப்பது அரிது. கிடைத்தாலும், தொடர்பு மீண்டதும் அதிகக் கணிப்பு உழைப்புச் சேர்ந்த தொகுதிச் சங்கிலியே ஏற்கப்படும். தீவின் தொகுதிகள் கழித்துவிடப்படும். பிளாக்ஸ்ட்ரீம் நிறுவனம் 2017 முதல் செயற்கைக்கோள் வழியே சங்கிலியை ஒலிபரப்புகிறது. அதைக் கேட்கலாம், பதில் சொல்ல முடியாது. சில நூறு பைட் அளவேயான பரிவர்த்தனையை வானொலி அலையில் வெளியூருக்கு அனுப்ப வழியுண்டு. ஆனால் அதற்கும் மறுமுனையில் இணையத்தோடு ஒருவர் காத்திருக்க வேண்டும்.

எதிர்க்கரை மட்டாஞ்சேரியில் இதற்கு மாறான ஏற்பாடு இருந்தது. 1957-இல் தொடங்கிய மிளகு வணிகச் சங்கத்தில் வாயால் கூவியே விலை பேசினார்கள். அங்கிருந்த குஜராத்தி வணிகர்களின் கைக்கருவி உண்டியல் எனும் பணமாற்றுத் தாள். தாளைக் காட்டியதும் பணம் தருவது ஒரு வகை, தவணை கழித்துத் தருவது இன்னொரு வகை. கடிதம் தாமதமானாலும் அந்த முறை தாங்கியது, ஏனெனில் பணம் வராவிட்டால் யார் வாசலில் போய் நிற்பது என்று எல்லோருக்கும் தெரியும். அறிமுகமில்லாதவரோடும் கணக்குத் தீர்க்கப் பிறந்தது பிட்காயின். அந்த வசதிக்கு அது கொடுக்கும் விலைதான் இடையறாத தொடர்பு.

ரிசர்வ் வங்கி 2022 ஜனவரியில் இணையமில்லாப் பணப்பரிமாற்றத்துக்கு விதி வகுத்தபோது ஒருமுறைக்கு 200 ரூபாய் என்று வரம்பிட்டது. 2023-இல் அது 500 ஆயிற்று. கூடுதல் சரிபார்ப்பு இல்லாத பரிமாற்றத்தில் அபாயம் இருப்பதால், நட்டத்தின் அளவைக் கட்டுப்படுத்தினார்கள். அப்படியொரு வரம்பை விதிக்கவும் நட்டத்தை ஏற்கவும் பிட்காயினில் ஆளில்லை. அது அதன் வடிவமைப்பிலேயே உள்ள குறை. ஆகவே கடலோரப் பேரிடர்த் திட்டங்களில் கிரிப்டோவை அவசரகாலப் பணமாகக் கணக்கில் கொள்ளக் கூடாது. கூட்டுறவு வங்கிக் கிளைகளில் சிறு மதிப்பு நோட்டுகளை இருப்பு வைப்பதே இப்போதைக்குச் செய்யத்தக்கது.