மலாய்ச் சொற்களில் தமிழரின் கடல் வணிகம்

தமிழர் இம்மண்ணுக்கு இரப்பர்த் தோட்டங்களோடுதான் வந்தனர் என மாணவர் பலர் எண்ணுகின்றனர். ஆயர் தாவார் கடைத்தெருவின் பெயர்ப்பலகைகளே அதனை மறுக்கும். அங்குக் காணும் 'கெடாய்' என்பது நம் 'கடை' என்னும் சொல்லே. அவ்வாறே கப்பல் 'காப்பால்' எனவும், பெட்டி 'பெத்தி' எனவும், முதல் 'மொடல்' எனவும் மலாயில் வழங்குகின்றன. கலம், சரக்குப் பெட்டி, முதலீடு, விற்பனையிடம் ஆகிய நான்கும் வணிகன் உலகைச் சார்ந்தவை.

இவற்றுள் 'மொடல்' என்பது, ஏட்டில் எழுதும் 'முதல்' என்பதைவிடப் பேச்சில் ஒலிக்கும் 'மொதல்' என்பதற்கே நெருக்கமானது. ஆதலின் இச்சொல் நூல்வழியன்றி வணிகர் வாய்வழி வந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

கல்வெட்டுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. தாய்லாந்தின் தக்குவாபாவில் கிடைத்த 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஒரு குளம் மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினரின் காவலில் விடப்பட்டதைக் கூறுகிறது. சுமத்திராவின் பாருசில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவைக் குறிப்பிடுகிறது.

தோட்டத் தொழிலாளர் வரலாறு நம் பெருமைக்குரியது. ஆயினும் அது முதல் அத்தியாயம் அன்று. சொற்கடன் எம்மொழிக்கும் தாழ்வன்று. இரு மக்கள் நெருங்கிப் பழகியதன் சான்று அது. ஆசிரியர்கள் இச்சொற்களை வகுப்பறையில் அருகருகே எழுதிக் காட்டுவார்களாக.