கிழக்கு ஆப்பிரிக்காவின் பொது அஞ்சல்தலை

ஒரே நாணயம் புழங்கும் நாடுகளுக்கு அஞ்சல்தலையும் ஒன்றாக இருக்கலாம் என்பது எளிதில் தோன்றும் எண்ணமே ஆயினும், அது நடைமுறையில் நெடுங்காலம் நிலைத்த இடங்களுள் முதன்மையானது கிழக்கு ஆப்பிரிக்கா. பிரிட்டிஷ் ஆட்சியின் தொடக்கத்தில் அங்கே செல்லுபடியான பணம் இந்திய ரூபாயாக இருந்தமையால், 1890களின் அஞ்சல்தலைகளில் விலை அணாவில் குறிக்கப்பட்டதோடு, 1895இல் இந்திய அஞ்சல்தலைகள் மீதே 'பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்கா' என மேலச்சிட்டும் விற்கப்பட்டன. காலனிகளுக்குப் பொதுவான பணத்தை வெளியிடுவதற்காக 1919இல் லண்டனில் அமைக்கப்பட்ட கிழக்கு ஆப்பிரிக்க நாணய வாரியம் 1921இல் ஷில்லிங்கைக் கொண்டுவந்தது.

கென்யா, உகாண்டா, டாங்கனிக்கா ஆகியவற்றின் அஞ்சல் துறைகள் 1933இல் ஒரே நிர்வாகமாக இணைந்தபின், 1935 முதல் மூன்றின் பெயரையும் தாங்கிய அஞ்சல்தலைகள் வெளிவந்தன. கம்பாலாவில் வாங்கிய தலையை மொம்பாசாவிலோ தார் எஸ் சலாமிலோ ஒட்டி அனுப்ப முடிந்தது. எங்கே விற்றாலும் வருவாய் ஒரே நிர்வாகத்தைச் சேர்ந்தமையால், தலையை விற்றவர் ஒருவர், கடிதத்தைச் சுமந்தவர் வேறொருவர் என்ற வழக்கு எழ வாய்ப்பிருக்கவில்லை.

1961க்கும் 1963க்கும் இடையே மூன்றும் விடுதலை பெற்றுத் தத்தம் பெயரில் அன்றாடப் பயன்பாட்டுத் தலைகளை வெளியிட்டபோதும், நிகழ்ச்சிகளையொட்டி அச்சிடப்படும் நினைவுத் தலைகள் பொதுவாகவே தொடர்ந்தன. அவற்றில் நாடுகளின் பெயர் வரிசை மாறி மாறி அமைந்தது. எந்நாடும் நிலையாக முதலிடம் கொள்ளாத அந்த ஏற்பாடு, புதிதாய் விடுதலை பெற்ற அரசுகளின் தன்மதிப்பைப் புண்படுத்தாமல் ஒற்றுமையைக் காத்த பண்பட்ட முறை என்றே கொள்ளத்தக்கது.

1966இல் நாணய ஒன்றியம் கலைந்து மூன்று தனித்தனி ஷில்லிங்குகள் தோன்றிய பின்னரும் பொதுத் தலை ஏறத்தாழப் பத்தாண்டுகள் வாழ்ந்தது. புதிய நாணயங்கள் தொடக்கத்தில் ஒன்றுக்கொன்று சம மதிப்பில் இருந்தது ஒரு காரணம்; 1967ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி உருவான கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகத்தின் கீழ், கம்பாலாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரே அஞ்சல் கழகம் இயங்கியது வலுவான காரணம். 1971இல் இடி அமீன் உகாண்டாவின் ஆட்சியைக் கைப்பற்றியதும், அவருடன் ஒரே அவையில் அமர டான்சானியாவின் (முன்னைய டாங்கனிக்கா) அதிபர் ஜூலியஸ் நைரேரே மறுத்தார். சமூகம் உள்ளிருந்தே உடைந்தது. 1976இல் ஒரே படங்களைத் தனித்தனிப் பெயர்களில் மூன்று நாடுகளும் வெளியிட்டன; மறு ஆண்டு சமூகமே கலைந்தது.

ஐரோப்பாவில் நிலை இதற்கு நேர்மாறானது. 1956 முதல் 'யூரோப்பா' என்ற பொதுத் தலைப்பில் பல நாடுகள் தலைகளை வெளியிட்டு வந்தபோதிலும், 2002இல் யூரோ நாணயங்கள் கைக்கு வந்த பின்னரும், ஒவ்வொரு தலையும் வெளியிட்ட நாட்டில் மட்டுமே செல்லும். ஏனெனில் அஞ்சல் நிர்வாகங்கள் தனித்தனி. பொது அஞ்சல்தலையைத் தாங்குவது பொது நாணயமன்று, பொது அஞ்சல் நிர்வாகமே.