தாக்கோவின் வயது

மெக்சிகோ நகரின் பழைய மையப் பகுதியில் பயணிகளை நடத்திச் சென்று தெருவுணவை அறிமுகப்படுத்தும் வழிகாட்டிகள், தாக்கோவை அஸ்தெக்கர் காலத்துக்குக் கொண்டுசெல்வதுண்டு. சோள ரொட்டியில் உணவைச் சுருட்டி உண்ணும் வழக்கம் தொன்மையானதே, பெயர் அப்படியன்று. அந்த ரொட்டிக்கு நவாத்ல் மொழியில் 'த்லாஷ்கல்லி' என்று பெயர். அதைத் 'தோர்த்தியா' ஆக்கியவர்கள் ஸ்பானியர். 'தாக்கோ' என்ற சொல்லோ 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் உணவைக் குறித்து எழுத்தில் தென்படுகிறது. வெள்ளிச் சுரங்கங்களில் வெடிமருந்தைக் காகிதத்தில் சுற்றிப் பாறைத் துளையில் செருகுவர். அந்தச் சுருளுக்கும் தாக்கோ என்றே பெயர். உணவின் பெயர் அங்கிருந்து வந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி பில்ச்சரின் கருத்து. கம்பியில் சுழலும் பன்றியிறைச்சித் தாக்கோ இன்னும் இளையது; 20ஆம் நூற்றாண்டில், லெபனானிலிருந்து குடியேறியவர்களின் ஷவர்மா வழியில் பிறந்தது.

உண்மையான தொன்மை அடுத்த வண்டியில் இருக்கிறது. தமால், அதோலே, எலோத்தே, எஸ்கித்தே எல்லாம் நவாத்ல் சொற்களின் வழிவந்தவை. ஸ்பானிய ஆட்சி, மதமாற்றம், கொள்ளைநோய் அனைத்தையும் கடந்து, நவாத்ல் அறியாதவர் நாவிலும் அவை நிலைத்துவிட்டன. பிரான்சிஸ்கன் துறவி சஹாகூன் 16ஆம் நூற்றாண்டில் தொகுத்த புளோரன்ஸ் சுவடியின் 10ஆம் நூலில் தமால் விற்பவர் வருகிறார். நல்ல வணிகர் யார், ஏமாற்றும் வணிகர் யார் என்று நவாத்ல் மொழியிலேயே அது பிரித்துச் சொல்கிறது.