பாட ஆய்வு

ஆசிரியர்கள் கூடிப் பாடம் திட்டமிட்டு, ஒருவர் கற்பிப்பதை மற்றவர்கள் உடனிருந்து கவனித்து, பின்னர் அதைத் திருத்தியமைக்கும் தொழில்முறைப் பயிற்சி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானியப் பள்ளிகளில் வேரூன்றியது. மலேசியக் கல்வி அமைச்சு 2011இல் தொழில்முறைக் கற்றல் சமூகத் திட்டத்தின் வழி இதைப் பள்ளிகளுக்குக் கொண்டு வந்தது.

கவனிப்பவர்களின் கண் ஆசிரியர்மேல் அல்ல, மாணவர்மேல் இருக்க வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. எடுத்துக்காட்டாக, மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்று கேட்டால், நான்கு பெரிய எண் என்பதால் பிள்ளைகள் பலர் நான்கில் ஒன்றையே காட்டுவர். பாடம் நடத்துபவர் கரும்பலகைப் பக்கம் திரும்பியிருக்கும் நேரத்தில், பின்வரிசையில் அமர்ந்திருக்கும் சக ஆசிரியர் அந்தத் தடுமாற்றத்தைக் குறித்துக்கொள்கிறார். பாடம் முடிந்ததும் அந்தக் குறிப்பை வைத்தே பேச்சு நடக்கிறது. காகிதத்தை மடிக்கச் சொல்லலாமா, கோடு வரையச் சொல்லலாமா என்று முடிவாகி, மாற்றிய பாடம் மீண்டும் நடத்தப்படுகிறது.

தலைமையாசிரியர் செய்யும் வகுப்பு மேற்பார்வை வேறு. அதில் மதிப்பெண் உண்டு, ஆகவே பதற்றமும் உண்டு.

மலாக்கா, அலோர் காஜா வட்டாரத்தின் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் போன்ற சிறிய பள்ளிகளில் நடைமுறைச் சிக்கல் ஒன்று எழும். ஆண்டுக்கு ஒரே வகுப்பு இருந்தால், திருத்திய பாடத்தை நடத்திப் பார்க்க இணைவகுப்பு கிடையாது. அங்கே அண்டைப் பள்ளியோடு கைகோப்பதே வழி. ஆனால் அதற்கு இரு பள்ளிகளின் கால அட்டவணையும் ஒத்துவர வேண்டும்.