விளையாடுபவரை மையமாகக் கொண்ட பயிற்சிமுறை

விளையாடுபவரை மையமாகக் கொண்ட பயிற்சிமுறை என்பது, ஆட்டத்தில் முடிவெடுக்கும் பொறுப்பைப் பயிற்சியாளர் படிப்படியாக ஆட்டக்காரர்களிடமே ஒப்படைக்கும் முறை. சிறுவர், இளையோர் குழு விளையாட்டுகளில் இது அதிகம் பேசப்படுவதற்குக் காரணம் ஆட்டத்தின் தன்மையே. கால்பந்திலோ ஹாக்கியிலோ பந்து வந்து சேர்ந்த பிறகு யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. கோட்டுக்கு வெளியே நிற்பவர் கத்துவது காதில் விழுவதற்குள் எதிரணியினர் இடம் மாறியிருப்பார்கள்.

இதன் ஒரு முக்கிய வேர் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கே பணியாற்றிய டேவிட் பங்கர், ராட் தார்ப் இருவரும் 1982-இல் ஒரு கற்பித்தல் மாதிரியை வெளியிட்டனர். அக்கால உடற்கல்வி வகுப்பில் முதலில் நுட்பம், கடைசிப் பத்து நிமிடம் ஆட்டம் என்பதே வழக்கம். வரிசையில் நின்று பந்தைத் தட்டக் கற்ற மாணவர்கள், ஆட்டம் தொடங்கியதும் எதை எப்போது செய்வதென்று தெரியாமல் ஆசிரியரின் முகத்தைப் பார்த்தார்கள். பங்கரும் தார்ப்பும் வரிசையைத் திருப்பிப் போட்டனர். முதலில் எளிதாக்கிய ஓர் ஆட்டம். அதில் ஒரு சிக்கல் எழுந்து, தேவை புரிந்த பிறகே நுட்பம். ஆஸ்திரேலியாவில் 1990-களில் ‘கேம் சென்ஸ்’ என்ற பெயரில் இது பரவியது.

பயிற்சிக் களத்தில் இது எப்படி நடக்கிறது என்பதற்கு ‘ஃபுனினோ’ நல்ல உதாரணம். ஹாக்கிப் பயிற்சியாளராக இருந்து கால்பந்துக்கு வந்த ஜெர்மானியர் ஹோர்ஸ்ட் வைன் பரப்பிய சிறுவர் ஆட்டம் இது. பக்கத்துக்கு மூன்று பேர். ஒவ்வோர் அணியும் காக்க வேண்டியவை இரண்டு சின்ன கோல்கள். இடப்பக்கம் கூட்டம் கூடினால் வலப்பக்கக் கோல் திறந்து கிடக்கும். தலை நிமிர்ந்து பார்க்காத பிள்ளை கூட்டத்துக்குள் முட்டி மோதிப் பந்தை இழக்கும். அப்போது பயிற்சியாளர் “வலது பக்கம் அடி” என்று கூவுவதில்லை. ஆட்டத்தை ஒரு கணம் நிறுத்தி, “இப்போ எந்தப் பக்கம் ஆள் கம்மி?” என்று கேட்கிறார். பிள்ளைகள் சுற்றிப் பார்க்கிறார்கள், யாராவது ஒருவர் கை நீட்டுகிறார், ஆட்டம் தொடர்கிறது. பாதிப் பாடத்தை அந்த நான்கு கோல்களே நடத்திவிடுகின்றன. பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டுவிடுவதுதான் இந்த முறை என்ற எண்ணம் தவறு என்பது இங்கே தெரியும்: களத்தின் அளவு, ஆள் எண்ணிக்கை, விதி எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டியிருப்பதால் பயிற்சியாளருக்கு வேலை கூடத்தான் செய்கிறது. ஜெர்மன் கால்பந்துச் சங்கம் 2024-25 பருவத்திலிருந்து சிறுவர் பிரிவுகளுக்கு இத்தகைய சிறு அணி ஆட்டங்களையே கட்டாயமாக்கியது.

இந்தச் சிந்தனையை இளையோர் பயிற்சியின் பொதுக் கொள்கையாக வளர்த்தவர்களில் நியூசிலாந்தின் லின் கிட்மன் முக்கியமானவர். 2001, 2005 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவருடைய நூல்கள் கேள்வி கேட்கும் கலைக்குப் பெரிய இடம் தருகின்றன. நடைமுறையில் வழுக்கும் இடமும் அதுதான். மனத்தில் ஒரே விடையை வைத்துக்கொண்டு, அது வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும் பயிற்சியாளர்கள் உண்டு. அது கட்டளைதான், கேள்விக்குறி போட்ட கட்டளை.

மனிதருக்குத் தன்னுரிமை, திறனுணர்வு, பிறரோடு பிணைப்பு ஆகிய மூன்றும் தேவை என்று எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வகுத்த ஊக்கக் கோட்பாடு இந்தப் பயிற்சிமுறைக்கு உளவியல் அடிப்படையாகக் காட்டப்படுகிறது. பயிற்சியாளரின் நடத்தை எவ்வளவு முக்கியம் என்பதற்குக் களத்திலிருந்து கிடைத்த ஒரு சான்று அமெரிக்காவுடையது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் ஸ்மித், ஃபிராங்க் ஸ்மால் இருவரும் சிறுவர் பேஸ்பால் பயிற்சியாளர்களுக்கு ஒரு பயிற்சித் திட்டம் வகுத்தனர். முயற்சியைப் பாராட்டுவது, தவறு செய்தவனைத் திட்டாமல் தைரியம் சொல்லித் திருத்துவது என்பதே அதன் சாரம். 1992-இல் வெளியான முடிவின்படி, இந்தப் பயிற்சி பெறாதவர்களின் அணிகளிலிருந்து 26 சதவீதச் சிறுவர்கள் மறுபருவம் வரவில்லை. பயிற்சி பெற்றவர்களின் அணிகளில் விலகியவர்கள் 5 சதவீதம். இரு தரப்பு அணிகளின் வெற்றி விகிதம் இந்த வேறுபாட்டை விளக்கவில்லை.

பிள்ளைகளை மையமாக வைப்பதை நார்வே விதியாகவே எழுதி வைத்தது. அந்நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பு 1987-இல் சிறுவர் விளையாட்டு விதிகளை ஏற்று, 2007-இல் சிறுவர் உரிமைகளோடு சேர்த்துத் திருத்தியது. பயிற்சியைத் திட்டமிடுவதில் பிள்ளைகளின் கருத்துக்கு இடம் தருவது அவ்வுரிமைகளுள் ஒன்று. 11 வயது ஆகும் ஆண்டுக்கு முன் முடிவுப் பட்டியலோ தரவரிசையோ கூடாது. 13 ஆகும் ஆண்டுக்கு முன் தேசிய சாம்பியன் போட்டியும் கிடையாது. புள்ளிப் பட்டியல் இல்லாதபோது, பின்தங்கும் ஆட்டத்திலும் எல்லாப் பிள்ளைகளையும் களமிறக்கப் பயிற்சியாளர் தயங்க வேண்டியதில்லை. வெற்றியை வைத்தே மதிப்பிடப்படும் பயிற்சியாளரால் அவ்வளவு பொறுமை காட்ட முடிவதில்லை. போட்டி நாளில் பழைய கூச்சல் திரும்பிவிடுகிறது.

எல்லாவற்றுக்கும் இந்த முறை பொருந்தாது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு அடிப்படை அசைவுகளைச் செய்துகாட்டுவதே விரைவான வழி. காயம் நேரக்கூடிய இடங்களில் கண்டுபிடித்துக் கற்பதற்கு இடமே இல்லை. ரக்பியில் எதிராளியைப் பிடித்து வீழ்த்தும்போது தலையை எந்தப் பக்கம் வைப்பது என்பதை நேரடியாகச் சொல்லி, செய்துகாட்டி, சரியாக வரும்வரை செய்யவைத்தே ஆக வேண்டும்.